மலை தன்னைக் கழுவிக்கொண்டதாக எழுதியவர்

தம்பிமார்களே, பேனா பிடிக்க வந்த எவனுக்கும் முதல் வருஷத்திலேயே ஓர் ஆசை வந்துவிடும். தன் எழுத்தைப் படித்துவிட்டு நாலு பேர் "அடேயப்பா, என்ன துணிச்சல்!" என்று சொல்ல வேண்டும். உங்களுக்கும் வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிவைத்த இதழ்களைப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. வரிக்கு வரி யாரையாவது அடித்திருக்கிறீர்கள். அடி வாங்கியவர்கள் யார் என்றும் பார்த்தேன். அதனால்தான் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டதும் மறுக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

பிழை திருத்துவது, தந்தியில் வந்த நாலு வார்த்தையை நாற்பது வரியாக்குவது, இதெல்லாம் உங்கள் ஆபீசிலேயே சொல்லித்தர ஆள் இருக்கும். அதற்கு இந்தக் கிழட்டு ராவுத்தன் வேண்டாம். நான் சொல்லப்போவது துணிச்சல் என்கிற சரக்கைப் பற்றி. சந்தையில் அதற்குப் போலி நிறைய. எனக்கு அது ஒரு மழைக்காலத்தில் விளங்கியது.

பாலக்காட்டில் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். முதலாளியும் ஆசிரியரும் ஒருவரே. கிழக்கே நெல்வயல் உள்ள குடும்பம், கோயமுத்தூர்ப் பேச்சு. நல்ல மனிதர்தான். ஆனால் சந்தாதாரர் ஒருவர் முகம் சுளித்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பத்திரிகை விற்றது அவராலும் அல்ல, என்னாலும் அல்ல. முதல் பக்கத்தில் ஒரு வக்கீல் எழுதிவந்த 'வெட்டொன்று துண்டிரண்டு' என்கிற பகுதியால்தான் விற்றது.

வக்கீலுக்குத் தமிழ் கை கட்டி நின்றது என்றே சொல்ல வேண்டும். நானே ரசித்துப் படித்திருக்கிறேன். ஊரே அவரை 'உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவர்' என்று கொண்டாடியது. காபி கிளப்பில் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருப்பவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அவர் யாரை வெட்டினார் என்று வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கலெக்டரை வெட்டியதில்லை. நிலமெல்லாம் கையில் வைத்திருந்த பெரிய ஜன்மிகளை வெட்டியதில்லை. தோட்டத் துரைமார் பக்கம் அரிவாளின் நிழல்கூட விழுந்ததில்லை. சந்தையில் கூவி விற்கும் பெண்கள், வண்டிக்காரர்கள், கூலிக்குப் போகிறவர்கள், இவர்கள்தான் துண்டு துண்டாக விழுந்தார்கள். அவரிடம் வெட்டுப்பட்டவர்களில் ஒருவருக்கும் திருப்பி எழுத வராது. படிக்கவே வராது. இதற்குப் பெயர் துணிச்சல் என்றால், கட்டிப்போட்ட மாட்டை அடிக்கிறவனும் வீரன்தான்.

அந்த ஆடியில் பெய்த மழையைப் பற்றி நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளம் என்று சொன்னால் எந்த வெள்ளம் என்று இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கல்பாத்தி ஆறு கரை தாண்டித் தெருவுக்குள் வந்தது. அதை நாங்கள் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தபோது மூணாற்று மலையிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. பாலங்கள் போய்விட்டன, பாதை போய்விட்டது, மலைச்சரிவே பெயர்ந்து தோட்டங்களின் மேல் விழுந்துவிட்டது என்றார்கள். எத்தனை உயிர் போயிற்று என்று சொல்லக்கூட ஆளில்லை.

அந்த வாரம் வக்கீல் எழுதி அனுப்பியதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சென்னையிலிருந்து வரும் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு தோட்டத் துரை கடிதம் எழுதியிருந்தார். ஆபத்து வருவதைக் கண்டு உரிய நேரத்தில் மணி அடிக்கச் சொன்னதாக அதில் ஒரு வரி இருந்தது. நம் வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவர் எழுதினார்:

"மணி அடிக்கப்பட்டது. துரை தம் கடமையைச் செய்தார். மணி அடித்தும் நகராதவனை மழை தூக்கிக்கொண்டு போனால் மழையின் மேல் என்ன குற்றம்? சட்டியையும் பானையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சோம்பேறிகளுக்காக நாடு கண்ணீர் விட வேண்டுமாம். மலை தன்னைக் கழுவிக்கொண்டது. அவ்வளவுதான்."

கைப்பிரதியை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"இதைப் போட முடியாது முதலாளி. இன்னும் பாதிப் பொணத்தத் தோண்டி எடுக்கல."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதனாலதானுங்க ராவுத்தரே எல்லாரும் படிப்பாங்க" என்றார்.

"மணி அடிச்சும் நகரலன்னு யாரு பாத்தது? நம்மாளு ஒருத்தரும் அங்க போகலியே."

"வக்கீலய்யா எழுதறதுக்கு அவருதானுங்க பொறுப்பு. நீங்க எதுக்குங்க ஒடம்பக் கெடுத்துக்கறீங்க?"

அச்சாகிவிட்டது. முதலாளி சொன்னது பலித்தது. எல்லோரும் படித்தார்கள். 'மலை தன்னைக் கழுவிக்கொண்டது' என்கிற வரியைச் சினிமாப் பாட்டு மாதிரி ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் கடைத்தெருவில் என் சொந்த மச்சானே ஒரு துணிக்கடை வாசலில் நின்று அதைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். அன்றிலிருந்து அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை. என் மனைவிக்கு அதில் இன்றும் வருத்தம். வருத்தப்படட்டும்.

அடுத்த வாரம் எங்கள் கொல்லங்கோட்டு ஏஜெண்டு கூடுதல் பிரதி கேட்டு ஆபீசுக்கு வந்தார். எதற்கு அங்கே திடீரென்று இத்தனை கிராக்கி என்று கேட்டேன்.

"மலையில இருந்து தப்பிச்ச சனம் கொஞ்சம் எங்கூர்ச் சத்திரத்துல வந்து கெடக்குதுங்க" என்றார். "போடிக்கு எறங்கற பாதையெல்லாம் போயிருச்சாம். மறையூர் வழியா உடுமலைக்கு எறங்கி, அங்கிருந்து இங்க வந்துட்டாங்க. மழ விட்டதும் நெல்லியாம்பதித் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு கங்காணி சொல்லியிருந்தானுங்க. நம்ம பேப்பரு வந்துச்சுங்களா, அதோட எல்லாம் மாறிப்போச்சு."

"என்ன மாறிச்சு?"

"மணியடிச்சா நகராத ஆளுக எனக்கு வேண்டாம்னுட்டான் கங்காணி. சத்திரத்துக் காரியஸ்தரு நம்ம பேப்பரச் சத்தமாப் படிச்சுக் காட்டி, வெள்ளிக்கெழமைக்குள்ள எடத்தக் காலி பண்ணோணும்னு சொல்லிப்போட்டாருங்க. கைக்கொழந்தைகளெல்லாம் இருக்குதுங்க. மழையில எங்க போவாங்கன்னு தெரியல."

இதைச் சொல்லிவிட்டு, பிரதிகளைக் கட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் குடையை எடுத்துக்கொண்டு வண்டி பேசக் கிளம்பினேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். வரி ஒன்றை எழுதியாயிற்று, படித்தார்கள், சிரித்தார்கள், முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அது முடிவதில்லை. நாம் அடுத்த வாரத்து வேலையில் இருக்கும்போது அது எங்கோ ஒரு சத்திரத்தின் கதவைப் பூட்டப் போய்க்கொண்டிருக்கும்.

கொல்லங்கோட்டில் காரியஸ்தரை முதலில் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாவிக்கொத்து. நான் பத்திரிகைக்காரன் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஏனுங்க, நானா அவங்கள வெரட்டறேன்?" என்றார். "பேப்பர்லயே போட்டிருக்குதுங்க. பேப்பர்ல பொய்யா போடுவாங்க?"

அந்த நாற்காலியில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

சத்திரத்தின் பின்கட்டில் அவர்கள் இருந்தார்கள். கூரை முழுக்கக் கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. பச்சை விறகு எரியாமல் புகைந்தது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஒரு பெண் மடியில் பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தை. மாடத்தி என்று பெயர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் வாய் என்பது நான் உள்ளே போன உடனே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"பேப்பர்காரரா?" என்றாள்.

"ஆமா."

"மல நல்லாக் கழுவியாச்சான்னு பாக்க வந்தீகளா? இன்னும் நாங்க கொஞ்சப் பேரு ஒட்டிக்கிட்டு இருக்கோம்."

சமாதானம் சொல்ல வாயெடுத்திருந்தால் அவள் என்னை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பாள், அதுவும் நியாயமாக இருந்திருக்கும். நான் கேள்வி கேட்டேன். அதுதானே என் தொழில்.

"அம்மா, மணி அடிச்சதா இல்லையா?"

"அடிச்சுது."

"உங்க காதுல விழுந்துதா?"

"விழாம என்ன? மல முழுக்கக் கேட்டுது."

"அப்ப ஏன் ஓடல?"

ஊதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. இவன் எந்த ஊர்க்காரன் என்று வியந்த மாதிரி இருந்தது.

"யாரு ஓடல? எல்லாருந்தான் ஓடுனாக. மணியடிச்சா எங்க ஓடணுமோ அங்கதான் ஓடுனாக. பெரட்டுக்களத்துக்கு."

பெரட்டுக்களம் என்றால் என்னவென்று உங்களில் மலைப்பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் மணி அடிப்பார்கள். கூடையை மாட்டிக்கொண்டு, மழைக்குக் கம்பளிக் கொங்காடியைத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லோரும் ஒரு திடலுக்கு ஓடிவந்து கங்காணிவாரியாக வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது வரிசையில் இல்லாதவனுக்கு அன்றைய பேர் கிடையாது, பேர் இல்லையென்றால் கூலி இல்லை, அதற்கு மேல் ஏச்சும் உண்டு. மழையென்றும் குளிரென்றும் அங்கே சாக்கு செல்லாது. அந்த மணிக்கு அந்த மலையில் பிறந்ததிலிருந்து அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் இது ஒன்றுதான். ஆபத்துக்கு ஒரு மணி அடிப்போம், அடித்தால் மேட்டுக்கு ஓடுங்கள் என்று அவர்களிடம் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர்களுடையது கடிதம் எழுதிய அதே துரையின் தோட்டம். அங்கே அவர்கள் குடியிருந்த லயம் என்கிற வரிசை வீடு மேட்டில் இருந்தது. பெரட்டுக்களம் கீழே, ஆற்றங்கரையில்.

"சத்தமெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துது" என்றாள் மாடத்தி. "மேல என்னமோ உறுமுது, மரமெல்லாம் முறியுது. போகாதீகன்னு வீட்டுக்காரருகிட்ட நாஞ் சொன்னேன். பேரு போயிருமேன்னாரு. பிள்ள பெத்தவ வீட்ல இருக்கா, நானும் பேரு குடுக்காம இருந்தா என்னத்தத் திங்கிறதுன்னாரு. கூடையத் தூக்கிட்டு எறங்குனாரு. நான் லயத்து வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரிச வரிசயா நின்னாக அய்யா. ஒருத்தர் கலையல. மல வந்து அப்படியே கொண்டுட்டுப் போயிருச்சு."

நான் அதோடு எழுந்து வரவில்லை. துக்கத்தில் இருப்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு அச்சுக்குப் போனால் எனக்கும் வக்கீலுக்கும் என்ன வித்தியாசம்? அவரும் ஒருவர் சொன்ன ஒரு வரியை வைத்துத்தான் எழுதினார். ஆகவே மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டேன். மணி அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க? இந்த ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டேன். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஒருத்தி மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பொன்னையா என்று ஓர் ஆள், முந்தின நாள் தன் தோட்டத்துக் கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு, போய்யா உன் பேரும் நீயும் என்று லயத்திலேயே உட்கார்ந்துவிட்டவன்.

"வீம்புக்கு இருந்தேன் அய்யா" என்றான் அவன். "அதான் இருக்கேன். எந்தம்பி சொன்ன சொல்லு தட்டாதவன். போயிட்டான்."

யோசித்துப் பாருங்கள். மணி அடித்தும் நகராதவர்கள்தான் பிழைத்திருந்தார்கள். நகர்ந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை. சொல்பேச்சுக் கேட்டுச் செத்தவர்களைத்தான் சொல்பேச்சுக் கேளாத சோம்பேறிகள் என்று எங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டிருந்தது. வண்டியில் திரும்பி வரும்போது வழி முழுக்க எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆபீசுக்குப் போனபோது வக்கீலும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்குக் காபி வரவழைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுவந்ததை இருவருக்கும் சேர்த்தே சொன்னேன். முதலாளியின் முகம் வெளுத்தது. வக்கீல் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"பரிதாபந்தான்" என்றார் கடைசியில். "ஆனா ராவுத்தர், நான் பொதுவாச் சொன்ன கருத்து அது. கருத்துச் சொல்ல எனக்குச் சுதந்திரம் இல்லையா? நான் யாருக்கும் பயந்து எழுதறவனில்லைன்னு ஊருக்கே தெரியும்."

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். "வாசகர் கடிதம் போடற எடத்துல நாலு வரி சேத்திரலாமுங்க. 'வேறு விதமாகவும் சிலர் கூறுகின்றனர்'னு. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாப் போயிரும்."

"அடிச்சது முதல் பக்கத்துல. மருந்து மட்டும் தைல விளம்பரத்துக்கு அடியிலயா?" என்றேன். "ரெண்டு பக்கம்னு எதச் சொல்றீங்க? ஒரு பக்கம் செத்துக் கெடக்குது. வெள்ளிக்கிழமை மிச்சமிருக்கற பேரையும் மழையில தள்ளப்போறாங்க, நம்ம பேப்பரக் கையில வெச்சுக்கிட்டு."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றார் வக்கீல், கொஞ்சம் சூடாகவே.

"நேர்ல வாங்க. பயந்து எழுதறவர் இல்லைல்ல நீங்க? நீங்க எழுதினத அவங்க இன்னும் உங்க வாயால கேக்கல. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. வந்து படிச்சுக் காட்டுங்க. எழுதின ஒரு வார்த்தைய விடாமப் படிச்சுட்டீங்கன்னா, நான் அதுக்கப்பறம் வாய் திறக்கல. வர மாட்டேன்னா, இந்தச் சேதியக் கோயமுத்தூர்ல வேற பத்திரிகைக்குக் குடுத்துட்டு, அப்படியே வேலையையும் விட்டுட்டுப் போறேன்."

முதலாளி என்னை நோக்கிக் கை கூப்பினார். ஆனால் வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆபீசில் எழுத்துக் கோக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

"வரேன்" என்றார். "கேட்டுக்கட்டுமே. உண்மை கசக்கத்தான் செய்யும்."

வெள்ளிக்கிழமை காலையில் சத்திரத்து வாசலில் நல்ல கூட்டம். வக்கீல் வருகிறார் என்று ஊரில் பரவிவிட்டது. காரியஸ்தர் பூட்டைக் கையிலேயே வைத்திருந்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன கங்காணியும் வேடிக்கை பார்க்க வந்து தூண் ஓரமாக நின்றான். மலைச்சனம் மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.

வக்கீல் பத்திரிகையை விரித்தார். கோர்ட்டில் பேசிப் பழகிய குரல், கணீரென்று எழுந்தது. துரை கடமையைச் செய்தார் என்பதைப் படித்தார். மழையின் மேல் என்ன குற்றம் என்பதையும் படித்தார். சோம்பேறிகள் என்ற இடத்தில் குரல் சற்று இறங்கியது. அதோடு பத்திரிகையை மடித்தார்.

"கடைசி வரி விட்டுப்போச்சுங்க" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நானும் விடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மறுபடி விரித்து அந்த வரியையும் படித்தார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் காதில் விழவில்லை. காபி கிளப்பில் தொடையில் தட்டிச் சிரித்தவர்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மாடத்தி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"யாரச் சொல்லுதீக சாமி?" என்றாள்.

"நான் பொதுவாச் சொன்னேன் அம்மா. உங்க யாரையும் தனிப்பட்ட முறையில..."

"பொதுவான்னா எங்களுக்கு வெளங்காது. செத்தவுகளுக்கெல்லாம் பேரு இருக்கு. தெனம் விடிஞ்சா கேட்ட பேருக. நான் வரிசையாச் சொல்லுதேன். மணியடிச்சும் நகராத ஆளு அதுல யாருன்னு நீங்க சொல்லுங்க."

அவர் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்வதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"முப்பிடாதி. மொத வரிச மொத ஆளு. எம்புட்டுக் காய்ச்சல்லயும் பேரு விட்டதில்ல. இவளா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வரவில்லை.

"இல்லை" என்றார்.

"சுடலமுத்து. இவரா?"

"இல்லை."

"சங்கிலி."

"எந்தம்பி" என்றான் பொன்னையா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"இல்லை" என்றார் வக்கீல்.

"வேலம்மா. அவ மக குருவம்மா. ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு நின்னாக, நாம் பாத்தேன். இவுகளா?"

"இல்லம்மா."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. பெரட்டுக்களத்தில் கங்காணி எப்படிக் கூப்பிடுவானோ அதே மாதிரி, ஒரு பேர், ஒரு நிறுத்தல். ஒவ்வொரு பேருக்கும் பின்னாலிருந்து யாராவது எங்கம்மா என்றோ எம்மவன் என்றோ குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் வக்கீல் இல்லை என்றார். தூறல் வலுத்து அவர் அங்கவஸ்திரம் நனைந்துகொண்டிருந்தது. குடை பிடிக்க வந்தவனை அவரே விலக்கிவிட்டார். அந்த ஒன்றுக்காக அவரை நான் இன்றும் கொஞ்சம் மதிக்கிறேன்.

பாதியில் அவர், "போதும்மா" என்றார்.

"ஒங்களுக்குப் போதும் சாமி. எங்களுக்கு வரிச முடியல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

கடைசியில் நிறுத்தினாள். ஒரு பேர்தான் பாக்கி என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொன்னையா எழுந்துகொண்டான். "நாஞ் சொல்லுதேன் மதினி" என்றான். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அந்தப் பெண்களுக்குக் கிடையாது. ரேஷன்காரன் கேட்டாலும் சர்க்கார் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். மாடத்தி அவனைக் கையமர்த்தினாள்.

"இசக்கிமுத்து" என்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "எம் புருசன். இவரா?"

வக்கீல் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"இல்லை அம்மா."

"அப்ப யாரு?" என்றாள் மாடத்தி. "செத்தவுக அம்புட்டுப் பேரையும் சொல்லிட்டேன். இவுக யாருமில்லன்னா, அந்தப் பேப்பர்ல நீங்க எழுதிவச்ச ஆளு யாரு?"

வக்கீல் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். நனைந்து மை ஊறியிருந்தது. பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

காரியஸ்தர் பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, விறகு ஈரமா இருக்குதுங்களே என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு உள்ளே போனார். கட்டிய மூட்டைகளை அவர்கள் அவிழ்த்தார்கள். மழை விட்டதும் வரச் சொல்லிக் கங்காணி தானாகவே வந்து பேசினான். அவனிடம் மாடத்தி கூலியைக் கேட்கவில்லை. களம் மேட்டிலா பள்ளத்திலா என்று கேட்டாள். மேட்டில்தான் என்று அவன் சத்தியம் செய்தான். பொன்னையா முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கிளம்பினார்கள்.

அந்த வாரம் வக்கீலிடமிருந்து எழுத்து வரவில்லை. முதல் பக்கத்தில் இடம் காலியாக நின்றது. மாடத்தி கூப்பிட்ட வரிசையிலேயே பேர்களை அங்கே அடுக்கினேன். நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். அடியில் அவள் கேட்ட கேள்வியை வைத்தேன். ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. முதலாளி புரூஃபை வாங்கிப் படித்தார். "சந்தா போயிருமேங்க" என்றார். போனால் போகட்டும் என்றேன். போகத்தான் செய்தது. எத்தனையோ பேர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். பத்திரிகையின் தரம் கெட்டுவிட்டது, கூலிக்காரிக்கு முதல் பக்கமா, வக்கீலைப் போலத் துணிச்சலாக எழுத இனி யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். கட்டுக் கட்டாகப் படித்துப் பார்த்தேன். அவள் கேட்ட கேள்விக்கு அவற்றில் ஒன்றிலும் பதில் இல்லை.

இனியும் மழை பெய்யும், மலை சரியும். உங்களிடமும் யாராவது வந்து, சுருக்கென்று நாலு வரி எழுதுங்கள், எல்லோரும் படிப்பார்கள் என்பார்கள். எழுதுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், செத்தவர்களின் வீட்டு வாசலில் நின்று, கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிக்க உங்களால் முடிய வேண்டும். அந்த ஆள் யார் என்று ஒரு பெண் கேட்டால் பேரைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதென்றால் பேனாவை மூடி வையுங்கள். அதற்குப் பெயர் துணிச்சல் என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வராதீர்கள்.